கோப்பு அணுகல் பட்டியலை நிரல் வழியே கையாளுதல்: டெல்டா அலுவலகங்களுக்கு நிரல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அரிசி ஆலைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உரக்கடைகளுக்கும் மென்பொருள் எழுதித் தருபவர்கள் பெரும்பாலும் தனியாளாகவே வேலை பார்க்கிறார்கள். கணக்கு மென்பொருளை எழுதுவதும் சர்வரை அமைப்பதும் "இந்தக் கோப்பை அவர் பார்க்கக் கூடாது, இவர் திருத்தலாம்" என்ற உத்தரவை நிறைவேற்றுவதும் அவர்களுடைய வேலைதான். அந்த உத்தரவைக் கையால் அல்லாமல் நிரலால் நிறைவேற்றும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. முதன்மையாக லினக்ஸ் சர்வரைப் பற்றியும், தேவைப்படும் அளவுக்கு விண்டோஸ், கூகுள் டிரைவ் ஆகியவற்றைப் பற்றியும் பேசுகிறோம். செயற்கூறுகளின் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோடே இருக்கிறது.

எடுத்துக்காட்டுகளுக்கு ஒரே அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் தலைமை அலுவலகம். பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் ஆகிய ஊர்களில் கிளைகள். நெல் வாங்கி அரைத்து விற்கும் தொழில். சர்வரில் குறுவை, சம்பா, தாளடி என்று பட்டத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் ஊருக்கு ஒரு கோப்புறை, அதற்குள் எடைச்சீட்டுகளும் பட்டுவாடாக் கணக்கும் இருக்கின்றன.

சிஎச்மோட் கட்டளை இருக்கும்போது அணுகல் பட்டியல் எதற்கு?

கோப்பின் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளை மூன்று தரப்பாரை மட்டுமே அறியும்: கோப்பின் உரிமையாளர், ஒரே ஒரு குழு, மற்றவர்கள். நம் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு எழுத வேண்டும், எடைமேடை ஊழியர்கள் படிக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை வரும் தணிக்கையாளர் படிக்க மட்டும் வேண்டும், மற்ற கிளைக்காரர்கள் கோப்பைத் திறக்கவே கூடாது. இத்தனை பேரை மூன்று தரப்புக்குள் அடக்க முடியாது. ஒவ்வொரு கூட்டணிக்கும் புதிய குழு உருவாக்கிச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு பட்டம் முடிவதற்குள் எந்தக் குழு எதற்காக உருவானது என்பதே மறந்துவிடும். அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல், அதாவது ஏசிஎல், ஒரே கோப்பின்மேல் பல பயனர்களுக்கும் பல குழுக்களுக்கும் தனித்தனி அனுமதி எழுத இடம் தருகிறது.

மூன்று தரப்போடு வேலை முடியும் இடத்தில் ஏசிஎல்லைத் தொடாமல் இருப்பதே நல்லது. கோப்புறையின் குழுவை மாற்றி, உள்ளே உருவாகும் கோப்புகளுக்கும் அதே குழுவைத் தரும் செட்ஜிஐடி பிட்டைப் போட்டால் தீரும் தேவைக்கு இந்தப் பக்கம் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை.

பட்டியலுக்குள் என்னென்ன பதிவுகள் இருக்கும்?

லினக்ஸில் ஆறு வகை. உரிமையாளருக்கு ஒன்று, பெயர் சுட்டிய பயனர்களுக்கு எத்தனை வேண்டுமானாலும், கோப்பின் சொந்தக் குழுவுக்கு ஒன்று, பெயர் சுட்டிய குழுக்களுக்கு எத்தனை வேண்டுமானாலும், மாஸ்க் (குழுக்களுக்கும் பெயர் சுட்டிய பதிவுகளுக்கும் உச்சவரம்பு; விளக்கம் கீழே) ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. பெயர் சுட்டிய பதிவு ஒன்றாவது இருந்தால் மாஸ்க் கட்டாயம் இருக்க வேண்டும். நீடாமங்கலம் கிளையின் பட்டுவாடாக் கோப்பு ஒன்றின் பட்டியலை விரித்துப் பார்த்தால் இப்படி இருக்கும்:

உரிமையாளர்: படிக்க, எழுத
பயனர் தணிக்கை: படிக்க
சொந்தக் குழு: அனுமதி இல்லை
குழு கணக்கு: படிக்க, எழுத
குழு எடைமேடை: படிக்க
மாஸ்க்: படிக்க, எழுத
மற்றவர்கள்: அனுமதி இல்லை

இந்த அமைப்பு, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலையான போசிக்ஸின் 1003.1ஈ என்ற வரைவிலிருந்து வந்தது. அந்த வரைவு தரநிலையாக நிறைவேறாமல் 1998-இல் கைவிடப்பட்டது. ஆனால் அதன் பதினேழாம் வரைவைப் பின்பற்றியே லினக்ஸின் ஏசிஎல் அமைந்தது. அதனால் அடிப்படைச் செயற்கூறுகள் பல இயங்குதளங்களில் ஒரே பெயரில் இருந்தாலும் கூடுதல் வசதிகள் தளத்துக்குத் தளம் வேறுபடுகின்றன. மேக் கணினியில் அதே பெயருள்ள தலைப்புக் கோப்பு உண்டு. அங்கே பட்டியலின் பொருளே வேறு. லினக்ஸுக்கு எழுதிய நிரல் மேக்கிலும் அப்படியே ஓடும் என்று நம்ப வேண்டாம்.

இயங்குதளத்தின் மையமான கர்னல் இந்தப் பதிவுகளை எந்த வரிசையில் பார்க்கிறது?

முதலில், கேட்பவர் கோப்பின் உரிமையாளரா என்று பார்க்கிறது. ஆம் என்றால் உரிமையாளர் பதிவு மட்டுமே பேசும். வேறு குழு வழியாக அவருக்கு அதிக அனுமதி இருந்தாலும் பயனில்லை. அடுத்து, அவர் பெயரில் தனிப் பதிவு உள்ளதா என்று பார்க்கிறது. இருந்தால் அந்தப் பதிவும் மாஸ்க்கும் சேர்ந்து முடிவு சொல்லும். அதற்குமேல் குழுக்களைப் பார்ப்பதில்லை. இதனால், கணக்குக் குழுவில் இருக்கும் ஒருவரை மட்டும் ஒரு கோப்பிலிருந்து விலக்க வேண்டுமானால், அவர் பெயரில் எந்த அனுமதியும் இல்லாத பதிவு ஒன்றைச் சேர்த்தால் போதும்.

மூன்றாவதாகக் குழுக்கள். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால், அவற்றின் அனுமதிகள் கூட்டப்படுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு குழு படிக்கவும் மற்றொரு குழு எழுதவும் அனுமதித்தால், படிக்கவும் எழுதவும் ஒன்றாகக் கேட்டுத் திறக்கும் நிரலுக்கு அனுமதி மறுக்கப்படும். கேட்டது முழுவதும் ஏதேனும் ஒரே குழுப் பதிவில் இருந்தாக வேண்டும். எந்தக் குழுவும் பொருந்தவில்லை என்றால் மட்டுமே மற்றவர்களுக்கான பதிவு பார்க்கப்படும். குழு பொருந்தி அனுமதி போதாமல் போனால் அங்கேயே மறுப்புத்தான்.

எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியான ரூட் பயனருக்கு இந்தத் தடைகள் எதுவும் இல்லை. ரூட்டாக நுழைந்து சோதித்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை.

எழுத அனுமதி கொடுத்தோம், பட்டியலிலும் அது தெரிகிறது. ஆனாலும் எழுத முடியவில்லை. ஏன்?

பத்தில் பெரும்பகுதி வழக்குகளில் காரணம் மாஸ்க். பெயர் சுட்டிய பயனர்கள், சொந்தக் குழு, பெயர் சுட்டிய குழுக்கள் ஆகிய மூன்று வகைப் பதிவுகளுக்கும் மாஸ்க் உச்சவரம்பு. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்து நின்றாலும் மதகை எவ்வளவு தூக்கியிருக்கிறதோ அவ்வளவுதான் வயலுக்குப் பாயும். அதுபோலப் பதிவில் எழுத அனுமதி இருந்தாலும் மாஸ்க்கில் அது இல்லையென்றால் நடைமுறையில் இல்லை. பட்டியலைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் கட்டளை இப்படிப்பட்ட பதிவின் பக்கத்தில் நடைமுறை அனுமதி எது என்று தனியாக எழுதிக் காட்டும். நம் நிரல்களோ பெரும்பாலும் பதிவை மட்டும் வாசித்துத் திரையில் காட்டிவிடுகின்றன. மேலாளரின் திரையில் "கணக்கு: எழுதலாம்" என்று இருக்கும், கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கோ அனுமதி மறுப்பு வரும். பட்டியலைக் காட்டும் எந்த நிரலும் பதிவையும் மாஸ்க்கையும் பொருத்திப் பார்த்து, இரண்டிலும் உள்ளதை மட்டும் காட்ட வேண்டும். இதை நாங்கள் விருப்பத் தேர்வாகச் சொல்லவில்லை. இது இல்லாத திரை தவறான தகவலைத் தருகிறது.

மாஸ்க் எப்படிச் சுருங்குகிறது என்பது அடுத்த கேள்வி. ஏசிஎல் உள்ள கோப்பின்மேல் சிஎச்மோட் ஓட்டினால், உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று வரும் மூன்று எண்களில் (படிக்க 4, எழுத 2, இயக்க 1 ஆகியவற்றின் கூட்டல்) நடு எண் சொந்தக் குழுவின் அனுமதியை மாற்றுவதில்லை, மாஸ்க்கை மாற்றுகிறது. பட்டுவாடாக் கோப்பில் யாரோ 640 என்று போட்டால், கணக்குக் குழுவின் எழுதும் அனுமதி பதிவில் அப்படியே நிற்க, நடைமுறையில் போய்விடும். மீண்டும் 660 போட்டால் திரும்பி வரும். எல்எஸ் கட்டளையின் நீண்ட பட்டியலில் கூட்டல் குறி தெரியும் கோப்புகளில் நடுவில் உள்ள மூன்று எழுத்துகள் மாஸ்க்கையே குறிக்கின்றன. நிரலில் கோப்பின் விவரங்களைத் தரும் ஸ்டாட் அழைப்பு வழியாக எடுக்கும் எண்ணுக்கும் இதே பொருள்தான்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மாஸ்க்கைத் தானாகக் கணக்கிடும் ஏசிஎல்_கால்க்_மாஸ்க் என்ற செயற்கூறு, அந்த மூன்று வகைப் பதிவுகளிலும் உள்ள அனுமதிகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி மாஸ்க்காக வைத்துவிடும். சர்ச்சைக்குரிய ஒரு கணக்கை மறைப்பதற்காக மேலாளர் அதில் 600 போட்டு வைத்திருக்கிறார் என்று வையுங்கள். தணிக்கையாளருக்குப் படிக்கும் அனுமதி சேர்க்க உங்கள் நிரலை ஓட்டுகிறீர்கள். நிரல் வழக்கம்போல மாஸ்க்கைக் கணக்கிடுகிறது. தணிக்கையாளருக்குக் கதவு திறந்ததோடு, உறங்கிக்கிடந்த பழைய பதிவுகள் அனைத்தும் உயிர்பெற்று, எடைமேடைக் குழுவுக்கும் கதவு திறந்துவிடும். ஆகவே ஏற்கெனவே உள்ள மாஸ்க்கை முதலில் வாசித்து, கணக்கிட்ட பிறகு வரும் மாஸ்க் அதைவிட அகலமானால், யார் யாருக்கெல்லாம் அனுமதி விரிகிறது என்பதை நிரல் சொல்லிவிட்டே எழுத வேண்டும். பட்டியலை மாற்றும் செட்எஃப்ஏசிஎல் கட்டளையும் இயல்பாக மாஸ்க்கைக் கணக்கிடவே செய்கிறது. வேண்டாமென்றால் அதற்கென்று விருப்பக்குறி இருக்கிறது.

சி மொழியில் ஒரு பதிவைச் சேர்க்கும் வரிசை என்ன?

ஏசிஎல்_கெட்_ஃபைல் மூலம் இப்போதைய பட்டியலை நினைவகத்துக்குக் கொண்டுவருகிறோம். ஏசிஎல்_கிரியேட்_என்ட்ரி புதிய பதிவை உண்டாக்குகிறது. ஏசிஎல்_செட்_டேக்_டைப் அதன் வகையையும் ஏசிஎல்_செட்_குவாலிஃபையர் அது யாருக்கு உரியது என்பதையும் குறிக்கின்றன. ஏசிஎல்_கெட்_பெர்ம்செட் கொண்டு அனுமதித் தொகுப்பைப் பெற்று, ஏசிஎல்_ஆட்_பெர்ம் கொண்டு வேண்டியதைச் சேர்க்கிறோம். பிறகு மாஸ்க், பிறகு ஏசிஎல்_வேலிட் கொண்டு சரிபார்ப்பு, கடைசியாக ஏசிஎல்_செட்_ஃபைல். வாங்கிய நினைவகத்தை ஏசிஎல்_ஃப்ரீ கொண்டு திருப்பித் தர வேண்டும்.

இந்த வரிசையில் கவனம் தேவைப்படும் இடங்கள் சில. ஏசிஎல்_கிரியேட்_என்ட்ரிக்குப் பட்டியலின் முகவரியைத்தான் தருகிறோம். இடம் போதாவிட்டால் அது பட்டியலையே வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், ஆகையால் பழைய சுட்டியை வேறொரு மாறியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. ஏசிஎல்_செட்_குவாலிஃபையர் கேட்பது பெயரை அல்ல, பயனர் எண்ணுக்கான சுட்டியை. ஏசிஎல்_கெட்_குவாலிஃபையர் திருப்பித் தரும் சுட்டியையும் தனியாக விடுவிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான எடைச்சீட்டுகளைச் சுற்றிவரும் நிரலில் இதை விட்டுவிட்டால் நினைவகம் கசிந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே அதே பயனருக்குப் பதிவு இருக்கும்போது இன்னொன்று சேர்த்தால் பட்டியல் செல்லாததாகிவிடும். முதலில் தேடிப் பார்த்து, இருந்தால் திருத்த வேண்டும், இல்லையென்றால்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு பதிவை மட்டும் மாற்றும் செயற்கூறு கிடையாது. ஏசிஎல்_செட்_ஃபைல் முழுப் பட்டியலையும் மாற்றி வைக்கிறது. கும்பகோணத்திலிருந்து ஒருவரும் பாபநாசத்திலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் நிரலை ஓட்டினால், இருவரும் பழைய பட்டியலை வாசித்து, கடைசியாக எழுதியவரின் மாற்றம் மட்டும் நிலைக்கும். மாற்றும் நிரல்கள் அனைத்தும் ஒரே பூட்டுக் கோப்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதே எளிய தீர்வு.

பைத்தானில் எழுதலாமா? கட்டளையையே அழைத்தால் போதாதா?

பைலிப்ஏசிஎல் என்ற தொகுப்பு இருக்கிறது. நிரலுக்குள் போசிக்ஸ்1ஈ என்ற பெயரில் அதைச் சேர்க்கிறோம். பட்டியலை வாசிப்பது, பதிவைச் சேர்ப்பது, மாஸ்க்கைக் கணக்கிடுவது, சரிபார்ப்பது, அப்ளைடூ என்ற முறையால் கோப்பில் பதிப்பது எல்லாம் மேலே சொன்ன வரிசைப்படியே. நினைவகத்தை விடுவிக்கும் தொல்லை மட்டும் இல்லை. புதிதாக எழுதுவோருக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

நிரலிலிருந்து செட்எஃப்ஏசிஎல் கட்டளையை அழைப்பதும் தவறல்ல. ஒரு கோப்புறை முழுவதும் உள்ளிறங்கி மாற்றுவதற்கு அது நிரலை விடச் சுருக்கமான வழி. கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயக்க அனுமதி உள்ள கோப்புகளுக்கும் மட்டும் இயக்க அனுமதி சேர்க்கும் பெரிய எக்ஸ் எழுத்தும் அதில் உண்டு, லைப்ரரியில் அதை நாமே எழுத வேண்டியிருக்கும். ஷெல் வரியாக ஒட்டித் தைக்காமல், ஒவ்வொரு சொல்லையும் தனி உறுப்பாக வைத்த பட்டியலாகக் கட்டளையை அழையுங்கள். "சம்பா பட்டுவாடா இறுதி" என்று இடைவெளி விட்டுக் கோப்புறைக்குப் பெயர் வைப்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.

புதிதாக உருவாகும் கோப்புகளுக்கு அனுமதி தானாக இறங்குமா?

கோப்புறைக்கு இயல்புநிலைப் பட்டியல் என்ற இரண்டாவது பட்டியலைப் பதிக்கலாம். அதன் பிறகு அந்தக் கோப்புறைக்குள் உருவாகும் கோப்புகளும் உட்கோப்புறைகளும் அதைப் பெற்றுக்கொள்ளும். உட்கோப்புறைகள் அதைத் தம் இயல்புநிலைப் பட்டியலாகவும் வைத்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றை அது தொடாது. எனவே ஒரு பட்டத்தின் நடுவில் புதிய கிளையைச் சேர்த்தால், இயல்புநிலைப் பட்டியலை மாற்றுவதோடு பழைய கோப்புகளையும் சுற்றிவந்து திருத்த வேண்டும். கோப்புறை அல்லாத ஒன்றின்மேல் இயல்புநிலைப் பட்டியலைப் பதிக்க முயன்றால் அனுமதி மறுப்புப் பிழை வரும். சுற்றிவரும் நிரல் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இயல்புநிலைப் பட்டியல் உள்ள இடத்தில், புதிய கோப்புகளின் அனுமதியை வழக்கமாகக் குறைக்கும் யூமாஸ்க் கணக்கில் வராது. ஆனால் கோப்பை உருவாக்கும் நிரல் ஓப்பன் அழைப்பில் தரும் எண் கணக்கில் வரும். அதன் நடு எண் புதிய கோப்பின் மாஸ்க்கைச் சுருக்கும். இங்கேதான் மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் நிரல்கள் சறுக்குகின்றன. பாதியில் மின்சாரம் போனாலும் பழைய அறிக்கை கெடக் கூடாது என்பதற்காக, அறிக்கையை முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்து, பிறகு உரிய பெயருக்கு மாற்றுவது நல்ல வழக்கம். ஆனால் பைத்தானின் டெம்ப்ஃபைல் தொகுதி தற்காலிகக் கோப்பை 600 என்ற எண்ணோடு உருவாக்குகிறது. அந்தக் கோப்பில் இயல்புநிலைப் பட்டியலின் பதிவுகள் எல்லாம் வந்து அமரும். மாஸ்க் மட்டும் வெறுமையாக இருக்கும். பெயரை மாற்றிய பிறகும் அதே நிலைதான்: கணக்குக் குழுவின் பதிவு தெரியும், கோப்பு திறக்காது. எழுதி முடித்ததும், பெயர் மாற்றுவதற்கு முன், எஃப்சிஎச்மோட் (திறந்திருக்கும் கோப்பின்மேல் ஓடும் சிஎச்மோட்) கொண்டு 660 போட்டால் மாஸ்க் விரிந்துவிடும்; பதிவுகள் ஏற்கெனவே இருப்பதால் வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. தற்காலிகக் கோப்பை வேறு கோப்புறையில் உருவாக்கி இங்கே நகர்த்தினாலோ இந்தக் கோப்புறையின் பட்டியல் அதற்கு வரவே வராது. எப்போதும் சேரவேண்டிய கோப்புறையிலேயே உருவாக்குங்கள்.

எடைச்சீட்டைப் பதிந்த பிறகு யாரும் திருத்தாதபடி செய்ய, எழுதும் அனுமதியை எடுத்துவிட்டால் போதுமா?

போதாது. எடையையும் ஈரப்பத அளவையும் பிறகு மாற்றுவது பணத்தோடு தொடர்புடையது என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஒரு கோப்பை நீக்குவதும் அதே பெயரில் வேறொன்றை வைப்பதும் கோப்பின் அனுமதியைப் பொறுத்தவை அல்ல. அது இருக்கும் கோப்புறையின் எழுதும் அனுமதியைப் பொறுத்தவை. கோப்புறையில் எழுத முடிந்த ஊழியர் படிக்க மட்டுமே அனுமதியுள்ள சீட்டை நீக்கிவிட்டுப் புதுச் சீட்டை அதே பெயரில் வைக்கலாம். கோப்புறைக்கு ஸ்டிக்கி பிட் போட்டால் பிறர் உருவாக்கிய சீட்டை நீக்க முடியாது. தாம் உருவாக்கியதை நீக்குவதை அதுவும் தடுக்காது. மேலும் கோப்பின் உரிமையாளர் அதன் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே சீட்டைச் சேவை நிரல் ஒன்று தன் பயனர் பெயரில் எழுதட்டும். ஊழியர்களுக்குக் கோப்புறையில் படிக்கவும் நுழையவும் மட்டும் அனுமதி இருக்கட்டும்.

நுழைவதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்: கோப்பில் படிக்கும் அனுமதி கொடுத்தும் தணிக்கையாளரால் திறக்க முடியவில்லை என்றால், வழியில் உள்ள கோப்புறை ஒவ்வொன்றிலும் அவருக்கு இயக்க அனுமதி (கோப்புறையில் அதுவே நுழையும் அனுமதி) இருக்கிறதா என்று பாருங்கள். சம்பா கோப்புறையில் இல்லாமல் உள்ளே இருக்கும் நீடாமங்கலத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை.

வேலையை விட்டுப் போனவரின் பதிவுகள் என்ன ஆகும்?

பட்டியலில் இருப்பது பெயர் அல்ல, எண். பயனரை நீக்கினாலும் எண் அங்கேயே இருக்கும். கெட்எஃப்ஏசிஎல் அப்போது பெயருக்குப் பதில் எண்ணைக் காட்டும். பின்னர் புதிதாகச் சேர்பவருக்கு அதே எண் வழங்கப்பட்டால், முன்னவரின் அனுமதிகள் அனைத்தும் கேட்காமலே இவருக்குக் கிடைக்கும். பயனரை நீக்கும் நாளிலேயே எல்லாக் கோப்புகளையும் சுற்றி, அவர் எண்ணுள்ள பதிவுகளை நீக்கும் நிரலை ஓட்டுங்கள். ஆட்களின் பெயரில் பதிவுகளே எழுதாமல் குழுக்களின் பெயரில் மட்டும் எழுதினால் இந்த வேலையே இருக்காது. குழுவிலிருந்து ஆளை எடுத்தால் முடிந்தது. தணிக்கையாளர்கூட ஒரே ஆள் உள்ள குழுவாக இருக்கலாம்.

அனுமதி சரிபார்ப்பு கோப்பைத் திறக்கும் கணத்தில் மட்டுமே நடக்கிறது. அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் கோப்பைப் பட்டியல் மாற்றம் மூடாது. குழுவிலிருந்து நீக்கினாலும் நடப்பில் உள்ள அமர்வு பழைய குழுக்களோடுதான் ஓடும். அவருடைய அமர்வுகளையும் முடித்துவிடுங்கள்.

பேக்கப் எடுக்கும்போது பட்டியலும் கூடவே வருமா?

கேட்டால்தான் வரும். நகலெடுக்கும் ஆர்சிங்க், கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் ஆகிய இரண்டு கட்டளைகளிலும் அதற்கான விருப்பக்குறியைத் தர வேண்டும். சிபி கட்டளையில் வெறும் நகல் பட்டியலை விட்டுவிடும், பண்புகளைக் காக்கும் விருப்பக்குறியோடு எடுத்தால் கொண்டுவரும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, கடலோர அலுவலகங்கள் பலவற்றுக்கு வேறு ஊரில் ஒரு நகல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. அந்த நகல் பெரும்பாலும் வெளி வட்டில் இருக்கிறது. வெளி வட்டோ எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருக்கிறது. அதில் இந்தப் பட்டியல்களைச் சேமிக்க இடமே இல்லை. எனவே கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை உள்ளிறங்கும் முறையில் ஓட்டி, பட்டியல்கள் அனைத்தையும் ஓர் உரைக்கோப்பாக எடுத்து நகலோடு சேர்த்து வையுங்கள். மீட்கும்போது செட்எஃப்ஏசிஎல்லின் ரீஸ்டோர் விருப்பக்குறி அதை வாசிக்கும். முழுப் பாதையைத் தந்து எடுத்தால் முதல் சாய்கோடு நீக்கப்பட்டே உரைக்கோப்பில் பதிவாகும். ஆகவே மீட்கும்போது வேர்க் கோப்புறையில் நின்று ஓட்ட வேண்டும்.

தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. "கொள்முதல்" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். லினக்ஸுக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். உரைக்கோப்பில் ஒரு விதமாகவும் வட்டில் வேறு விதமாகவும் இருந்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்புறையை "இல்லை" என்று கட்டளை சொல்லும். பெயரை உருவாக்கும் இடத்திலேயே ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதி அதைச் செய்யும்.

விண்டோஸில் என்ன வேறுபாடு?

அங்கே அனுமதி, மறுப்பு என்று இரு வகைப் பதிவுகள் உண்டு, மாஸ்க் இல்லை. பதிவுகள் வரிசைப்படி பார்க்கப்படுகின்றன: நேரடியாக எழுதிய மறுப்பு, நேரடி அனுமதி, மேலிருந்து இறங்கிய மறுப்பு, இறங்கிய அனுமதி என்பது முறையான வரிசை. ஆகவே நேரடியாக எழுதிய அனுமதி, மேலிருந்து வந்த மறுப்பை வென்றுவிடும். கெட்நேம்ட்செக்யூரிட்டிஇன்ஃபோ, செட்என்ட்ரீஸ்இன்ஏசிஎல், செட்நேம்ட்செக்யூரிட்டிஇன்ஃபோ ஆகிய மூன்றும் வழக்கமான வரிசை; மூன்றாவது செயற்கூறு உட்கோப்புறைகளுக்கும் மாற்றத்தை இறக்கிவிடும். பட்டியலே இல்லாத கோப்பு எல்லோருக்கும் முழுமையாகத் திறந்திருக்கும். பதிவே இல்லாத வெற்றுப் பட்டியல் உள்ள கோப்பு யாருக்கும் திறக்காது. இந்த இரண்டையும் நிரலில் குழப்பிவிட்டால் விளைவு நேரெதிராகிவிடும். "எவ்ரிஒன்" போன்ற பெயர்கள் விண்டோஸின் மொழியைப் பொறுத்து மாறும் என்பதால், பெயரைத் தவிர்த்து, பயனரையும் குழுவையும் அடையாளம் காட்டும் எஸ்ஐடி எண்ணைப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸ் கணினிகளுக்கு லினக்ஸ் கோப்புகளைத் தரும் சாம்பா சர்வர் (சம்பாப் பட்டத்தோடு உறவில்லை) விண்டோஸ் பதிவுகளைப் போசிக்ஸ் பதிவுகளாக மாற்ற முயலும். மறுப்புப் பதிவுகள் அதில் முழுமையாக வராது. இரண்டு பக்கமிருந்தும் பட்டியலை மாற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கூகுள் டிரைவில் உள்ள கோப்புகளுக்கு?

பெர்மிஷன்ஸ் என்ற பகுதியில் கிரியேட், லிஸ்ட், அப்டேட், டெலீட் ஆகிய அழைப்புகள் உள்ளன. யாருக்கு என்பதை வகையாலும், என்ன செய்யலாம் என்பதைப் பங்காலும் குறிக்கிறோம். லிஸ்ட் அழைப்பு இயல்பாக மின்னஞ்சல் முகவரியைத் தராது. ஃபீல்ட்ஸ் அளவுருவில் கேட்க வேண்டும். ஒருவருக்கு அனுமதி சேர்த்தால் அறிவிப்பு மின்னஞ்சல் போகும். நூறு கோப்புகளுக்குச் சேர்க்கும்போது அதை நிறுத்தி வையுங்கள். வகையில் "எவர் வேண்டுமானாலும்" என்று இருக்கும் பதிவுகளை மாதத்துக்கு ஒருமுறை தேடிப் பட்டியலிடும் சிறு நிரல் ஒன்று எந்த அலுவலகத்துக்கும் உதவும்.

மாற்றம் சரியாகப் பதிந்ததா என்று நிரலே எப்படி உறுதிசெய்வது?

எழுதிய பிறகு பட்டியலை மீண்டும் வாசித்து, நடைமுறை அனுமதியைக் கணக்கிட்டு, நோக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு வேறு பயனர் பெயரில் கட்டளையை ஓட்டும் சூடோ மூலம் உரிய பயனராகவே ஒரு சிறு செயலை ஓட்டிக் கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்க வேண்டியவர் திறப்பதைச் சோதிப்பதைவிட, திறக்கக் கூடாதவர் திறக்க முடியாமல் போவதைச் சோதிப்பது முக்கியம். எழுதும்போது வரும் பிழைகளையும் வகைப்படுத்துங்கள்: செல்லாத அளவுரு என்று வந்தால் பெரும்பாலும் மாஸ்க் விட்டுப்போயிருக்கும் அல்லது ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் இருக்கும், செயலுக்கு அனுமதியில்லை என்று வந்தால் நிரலை ஓட்டுபவர் கோப்பின் உரிமையாளர் அல்லர், ஆதரவில்லை என்று வந்தால் அந்த வட்டின் கோப்பு முறைமை ஏசிஎல்லை ஏற்காது. மூன்றாவது வகைப் பிழை வந்தால் நிரல் அங்கேயே நிற்கட்டும். அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தொடர்ந்து ஓடும் நிரல், பூட்டாத கோப்புகளைப் பூட்டியதாகக் கணக்குக் காட்டும்.